பட்டா லொறியும் குடும்பக் கணக்கும்

வண்டி வாங்குவது என்பது ஒருகாலத்தில் நம் மலைநாட்டில் துரைமாரின் பேச்சாக இருந்தது. தொழிலாளி வீட்டுப் பேச்சில் வண்டி வருமாயின், அது கொழுந்து ஏற்ற வரும் தோட்டத்து லொறியாகவோ, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கெஞ்சிக் கேட்கும் ஜீப்பாகவோதான் இருக்கும். இன்று அப்படியன்று. பசறைப் பக்கமோ, நமுனுகுலைப் பக்கமோ, ஹாலி எலப் பக்கமோ, ஏதேனும் ஒரு தோட்டத்து லயத்தருகே மாலை வேளையில் சற்று நின்றால், "முற்பணம் எவ்வளவு? மாதத் தவணை எவ்வளவு?" என்ற பேச்சுக் காதில் விழும். பேசப்படும் பொருள் பெரும்பாலும் ஒரு சின்னஞ்சிறு லொறியாகவே இருக்கும். மலிவு என்று சொல்லப்படும் இச்சிறு பார வண்டி, மாறிவரும் நம் குடும்பங்களின் தேவைக்குப் பொருந்துமா என்பதை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

ஊவாவின் வரலாறே ஒருவகையில் பாரம் சுமந்த வரலாறுதான். கோப்பி விளைந்த காலத்தில் பொதிமாடுகளும் மாட்டு வண்டிகளும் மலையேறி இறங்கின. பின்னர்த் தேயிலை வந்தது; தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்லப் புகையிரதம் வந்தது. மலைகளைக் குடைந்தும் பள்ளங்களைப் பாலத்தால் தாண்டியும் தெமோதரையில் தன்னைத் தானே சுற்றி வளைந்தும் வந்த அந்த இருப்புப் பாதை, 1924ஆம் ஆண்டு பதுளையை அடைந்தது. அதன் பிறகு லொறிகளின் காலம். மாடு போய், இரயில் வந்து, லொறியும் வந்தது. ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. பாரத்தைச் சுமந்தவர் நம்மவர். சுமக்கும் வண்டிக்கு உடையவர் வேறொருவர்.

தோட்டங்கள் 1972ஆம் ஆண்டும் 1975ஆம் ஆண்டும் அரசுடைமையாயின. 1992ஆம் ஆண்டு முதல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிர்வாகம் இருமுறை கைமாறியும் லயத்து வாழ்க்கை அதிகம் மாறவில்லை என்பதை நாமறிவோம். ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளில் அடியோடு மாறிய ஒன்று உண்டு. அது குடும்பத்தின் வருவாய் வரும் வழி. முன்னர் ஒரு வீட்டில் நால்வர் இருந்தால் நால்வரும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தவர்களே. இன்று தாய் கொழுந்து பறிக்கிறாள். தந்தை லயத்தின் பின்னாலுள்ள சிறு நிலத்தில் போஞ்சியும் கோவாவும் நடுகிறார். மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மகள் மத்திய கிழக்கு நாடொன்றிலிருந்து பணம் அனுப்புகிறாள். இளையவன் சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்துவிட்டு, "எனக்கொரு வண்டி" என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். தோட்டத்து நாட்கூலி 2021ஆம் ஆண்டு ஆயிரம் ரூபாவாயிற்று. 2024ஆம் ஆண்டு 1,350 ரூபாவாயிற்று. இவ்வுயர்வுகள் போராடிப் பெற்றவையே. எனினும் விலைவாசியோடு ஓடி அவை வெல்லவில்லை. ஆகவே கூலியை மட்டும் நம்பியிராமல் சொந்தத் தொழில் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பிறந்திருக்கிறது. அவ்வெண்ணம் பிறந்த வீட்டில் அடுத்து எழுவது வண்டிப் பேச்சு. இதுதான் நாம் காணும் புதிய வாங்குவோன்.

இனி வண்டியைப் பார்ப்போம். இந்தியாவில் டாட்டா கம்பனியார் 2005ஆம் ஆண்டு மே மாதம் 'ஏஸ்' என்ற பெயரில் ஒரு சிறு லொறியை விற்பனைக்கு விட்டார்கள். இரண்டு சிலிண்டர், 702 கன சென்றிமீற்றர் டீசல் இயந்திரம், வலு 16 குதிரைச் சக்தி, ஏற்றக்கூடிய பாரம் முக்கால் தொன். விலை அக்காலத்தில் இரண்டேகால் இலட்சம் இந்திய ரூபா அளவில் இருந்தது. அதை வடிவமைக்கு முன்னர் அக்கம்பனியின் பொறியியலாளர்கள், மூன்று சக்கரப் பார வண்டி ஓட்டியவர்களைத் தேடிச் சென்று அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டறிந்தார்கள். மூன்று சக்கர வண்டியை விடச் சற்றே விலை கூடினாலும், நான்கு சக்கரமும் பாதுகாப்பும், அதனோடு ஊரில் ஒரு மரியாதையும் தரும் வண்டி வேண்டும் என்பதே கிடைத்த விடையின் சாரம். அவ்விடையை அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள் என்பதற்கு விற்பனையே சான்று. சில ஆண்டுகளில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தெருவுக்கு வந்துவிட்டன. வட இந்தியர் அதைச் 'சோட்டா ஹாத்தி' என்றனர். தமிழ்நாட்டார் 'குட்டி யானை' என்றனர். உருவத்தில் குட்டி, உழைப்பில் யானை.

இலங்கையில் அதே வண்டியை 'டிமோ பட்டா' என்ற பெயரில் விற்றார்கள். அப்பெயர் நிலைத்தது மட்டுமன்று, பொதுப் பெயராகவே ஆகிவிட்டது. எந்தக் கம்பனியின் சிறு லொறியானாலும் நம்மவர் அதனைப் 'பட்டா' என்கின்றனர். பத்திரிகைகளும் 'பட்டா ரக வாகனம்' என்றே எழுதுகின்றன. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே டாட்டா கம்பனியார் 'ஏஸ் ப்ரோ' என்று ஒரு புதிய வகையை இந்தியாவில் வெளியிட்டனர். தொடக்க விலை சற்றேறக்குறைய நான்கு இலட்சம் இந்திய ரூபா. பாரம் முன்போலவே முக்கால் தொன். பெற்றோலில் ஓடுவது, பெற்றோலும் இயற்கை வாயுவும் சேர்ந்து ஓடுவது, மின்சாரத்தில் ஓடுவது என மூன்று வகை. அங்கே நான்கு இலட்சம் என்றதும் இங்கே சிலர் மனக்கணக்குப் போடத் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் மறப்பது ஒன்று: இந்திய ரூபா ஒன்று நம் ரூபா மூன்றுக்கு மேற்பட்டது. அதன்மேல் கப்பற்கூலி, இறக்குமதித் தீர்வை, விற்பனையாளரின் இலாபம் எல்லாம் ஏறும். பூனாவில் மலிவானது பதுளையில் மலிவாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

விலையைப் பேசுமுன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் நில உரிமைப் பத்திரத்துக்குப் பட்டா என்று பெயர். நாம் இங்கே காணி உறுதி என்கிறோம். லொறிக்குப் பெயர் வைத்தவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் தற்செயலாக அமைந்த அப்பெயரில் நம் மக்களின் கதை அடங்கியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகத் தேயிலை மலையைத் திருத்தி வாழ்ந்தவர்களுக்குத் தாம் வாழும் லயத்து அறையும் சொந்தமில்லை. அறையின் முன்னுள்ள முற்றமும் சொந்தமில்லை. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற திட்டம் வந்து சில இடங்களில் வீடுகளும் எழுந்துள்ளன. ஆயினும் பெருந்தொகையானோர் இன்னும் லயங்களிலேயே இருக்கின்றனர். காணி உறுதி இல்லாதவன் வங்கிக்குப் போனால் ஈடு என்ன என்று கேட்பார்கள். அவனிடம் விடை இராது. லீசிங் கம்பனியோ காணியைக் கேட்பதில்லை. வாங்கும் வண்டியையே ஈடாகக் கொள்கிறது. நிலத்துக்குப் பட்டா இல்லாதவனும் தன் பெயர் சொல்லிக்கொண்டு வாசலில் நிறுத்தக்கூடிய முதற்பெருஞ் சொத்து இந்தப் பட்டாவே. ஆகவே இவ்வண்டி மீது நம் இளைஞர் கொண்டுள்ள ஆசையை ஆடம்பரம் என்று நாம் இகழமாட்டோம். உடைமை என்ற சொல்லின் சுவையை அறியாதிருந்தவர்கள் அதை அறிய விரும்புகிறார்கள், அது நியாயமே.

ஆனால் நியாயமான ஆசையும் தவறான கணக்கில் அழிந்துவிடும். எனவே மூன்று வகையாக இதனை ஆராய்வோம். முதலாவது, வண்டி நம் மலைக்குப் பொருந்துமா? இரண்டாவது, தவணை நம் வருவாய்க்குப் பொருந்துமா? மூன்றாவது, அது நம் குடும்பத்தின் எல்லாத் தேவைக்கும் பொருந்துமா?

முதற் கேள்விக்கு விடை பாதி ஆம், பாதி இல்லை. தோட்டத்துப் பாதைகள் ஒடுங்கியவை. கொண்டை ஊசி போல் வளைபவை. மழைக்குப் பின் ஒருபக்கம் சரிந்து கிடப்பவை. பெரிய லொறி பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து தோட்டக்காரனின் வீடுவரை உள்ள இரண்டு மூன்று மைலுக்கு ஆள்தலையே வண்டி. அவ்விடத்தில் சிறு லொறி உண்மையில் வரப்பிரசாதம். உரமூட்டையை வாசலில் இறக்கி, மரக்கறியை வாசலில் ஏற்றும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின் மழையால் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தன. அறுந்த பாதை ஒருபக்கம் திறக்கப்படும்போது முதலில் நுழையக்கூடியது சிறு வண்டியே என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மற்றப் பாதியைச் சொல்ல மாணவர்களைச் சிறிது பௌதிகத்துக்கு அழைக்கிறோம். பாரத்தோடு சேர்த்து அப்பழைய ஏஸ் வண்டியின் முழு நிறை ஏறத்தாழ 1,550 கிலோகிராம். பத்து அடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தில் அவ்வண்டியை மேலே இழுக்க, ஏற்றத்துக்காக மட்டும் 155 கிலோகிராம் நிறையைத் தூக்குவதற்குச் சமமான விசை வேண்டும். சக்கர உராய்வு வேறு. பதினாறு குதிரைச் சக்தியை வைத்துக் கணக்கிட்டால் அது மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்திலேயே ஏறும். அது குறையன்று, பொறுமையுள்ளவன் ஏறிவிடுவான். இன்னொன்று: காற்று அடர்த்தி குறைந்த உயரத்தில், காற்றழுத்தி பொருத்தப்படாத இயந்திரத்தின் வலு நூறு மீற்றருக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வீதம் குறைகிறது. அப்புத்தளை போன்ற 1,400 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் இவ்விழப்புப் புறக்கணிக்கத் தக்கதன்று.

ஏற்றத்தைவிட இறக்கமே அஞ்சத் தக்கது. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,230 மீற்றர். பதுளை சுமார் 680 மீற்றர். நிறைபாரத்தோடு அவ்வண்டி இந்த 550 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி, சுமார் இருபத்தைந்து லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வளவு வெப்பத்தையும் காற்றின் தடையும் இயந்திரமும் பிரேக்கும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். கியரைக் குறைத்து இறங்குபவன் பெரும்பங்கை இயந்திரத்துக்குக் கொடுக்கிறான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி விடுபவன் அனைத்தையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறான். சூடேறிய பிரேக் பிடிப்பதை மறந்துவிடும். முக்கால் தொன் வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றினால் நிலைமை என்னவாகும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 2021 மார்ச்சில் பசறையிலும், 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியிலும் பஸ் வண்டிகள் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அவை பெரிய வண்டிகள். எனினும் மலை சிறிய வண்டிக்கென்று சலுகை காட்டுவதில்லை. 'குட்டி யானை' என்ற பெயரைக் கேட்டு யானையின் பாரத்தை ஏற்றுபவன், அது குட்டி என்பதை மறந்துவிடுகிறான்.

இரண்டாவது கேள்வி பணத்தைப் பற்றியது. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் இறக்குமதி செய்வது நிறுத்தப்பட்டது. பின்னர்ப் பொருளாதார நெருக்கடி, ரூபாவின் வீழ்ச்சி. 2025இன் தொடக்கத்திலேயே இறக்குமதி மீண்டும் பரவலாகத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளே கைமாறின. பத்து ஆண்டு ஓடிய வண்டியும் வாங்கிய விலைக்கு மேல் விலை போயிற்று. இதனால் ஒரு தவறான பாடத்தை நம்மவர் படித்துக்கொண்டனர். வண்டியின் விலை எப்போதும் ஏறும், ஆகவே வண்டி ஒரு சேமிப்பு என்பதே அப்பாடம். அது இறக்குமதி நின்ற காலத்தின் விசித்திரம். சாதாரண காலத்தில் வண்டி ஓட ஓடத் தேயும், விலை இறங்கும். காணி அப்படியன்று.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இவை கணக்குக்காக நாம் கொள்ளும் எண்களே. எந்தக் கம்பனியின் விலைப்பட்டியலும் அன்று. மாதத் தவணை 60,000 ரூபா என்று கொள்வோம். மாதத்தில் இருபத்தைந்து நாள் வண்டி ஓடுமாயின், நாளொன்றுக்குத் தவணைப் பங்கு 2,400 ரூபா. ஓட்டுபவன் வீட்டுப் பிள்ளையே ஆயினும் அவனுக்கும் ஒரு கூலி உண்டு. அதை 1,500 என்று வைப்போம். டயர், எண்ணெய், காப்புறுதி, வருமான வரிப்பத்திரம், எப்போதோ வரப்போகும் பெரிய பழுது ஆகியவற்றுக்கு நாளுக்கு 1,000 ஒதுக்குவோம். மொத்தம் 4,900 ரூபா. இது டீசலுக்கு முந்திய செலவு. வண்டி அசையாமல் நின்றாலும் இதில் பெரும்பங்கு ஓடிக்கொண்டேயிருக்கும்.

இப்போது வெலிமடைப் பக்கத்துக் கெப்பட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டு போகிறான் என்று கொள்வோம். டீசல் போகக் கையில் 4,000 நிற்கிறது. நல்ல வருவாய் என்று தோன்றும். ஆனால் நாளுக்கு 900 ரூபா குறைகிறது. மாதத்துக்கு 22,500 ரூபா குறைகிறது. அந்தக் குறை யாருக்கும் உடனே தெரிவதில்லை. பணம் நாள்தோறும் கையில் புரள்வதால் இலாபம் போலவே இருக்கும். டயர் மாற்றும் நாளில்தான் உண்மை வெளிப்படும். அதே வண்டி திரும்பி வரும்போது வெறுமையாக வராமல், ஒரு கடைக்காரரின் அரிசி மூட்டையையோ சீமெந்துப் பையையோ ஏற்றி வந்து 1,500 ரூபா பெற்றால் கணக்கு நேராகி மிச்சமும் நிற்கும். ஆகவே வண்டிக்காரனை வாழவைப்பதும் வீழவைப்பதும் போகும் பாரமன்று; திரும்பும் பாரம். வண்டி வாங்க எண்ணுபவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "திரும்பும்போது எதை ஏற்றுவேன்?" என்பதே.

இருபத்தைந்து நாள் ஓடும் என்று நாம் கொண்டதும் தாராளமான கணக்கு. மரக்கறி எல்லா மாதமும் விளைவதில்லை. கடும் மழையில் பாதை அடைபடும். பதினைந்து நாளே ஓடினால், தவணைப் பங்கு மட்டும் நாளுக்கு 4,000 ஆகிவிடும். வெளியுலகம் செய்யும் கொடுமையோ நம் கையில் இல்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது; அவ்வாண்டு முடியுமுன் தடை நீங்கிற்று; ஆனால் விளைச்சல் போயிற்று. 2022இல் எரிபொருளுக்கு வரிசை நாட்கணக்கில் நீண்டது. வண்டி நின்றது, தவணை நிற்கவில்லை. தவணையைத் தள்ளிவைக்கும் சலுகைகள் இருந்தன என்பது உண்மையே. ஆயினும் தள்ளிவைத்த கடன் தள்ளுபடியான கடன் அன்று.

இங்கே பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். வண்டிக்கு முற்பணம் எங்கிருந்து வருகிறது? பல வீடுகளில் அது தாயின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வருகிறது. நம் நாட்டுச் சட்டப்படி பெண் ஐம்பது வயதிலும் ஆண் ஐம்பத்தைந்து வயதிலும் அந்நிதியை எடுக்கலாம். முப்பது ஆண்டுக்கு மேல் அட்டைக் கடியிலும் பனியிலும் கொழுந்து பறித்துச் சேர்ந்த பணம் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், முற்பணமாகிறது. போதாததற்கு மருமகளின் நகை அடகுக்குப் போகிறது. வண்டியோ மகன் பெயரில் வருகிறது. அதுவும் முழுப் பெயரில் அன்று. கடைசித் தவணை கட்டும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனியே. சில தவணைகள் தவறினால் வண்டியைப் பிடித்துச் செல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அப்போது போவது வண்டி மட்டுமன்று. ஒரு தாயின் முதுமைக்கால அரிசியும் போகிறது. ஆகையால் லீசிங் பத்திரத்தில் கையொப்பம் இடுமுன், முற்பணம் கொடுக்கும் தாயும் நகை கொடுக்கும் மருமகளும் அக்கணக்கைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும். "பொம்பளைக்கு வண்டிக் கணக்கு என்ன தெரியும்?" என்பவருக்கு நாம் சொல்லும் விடை: அரைக்கிலோ கொழுந்து குறைந்தாலும் தராசடியில் கண்டுபிடிப்பவளுக்கு இக்கணக்கும் தெரியும்.

மூன்றாவது கேள்வி, குடும்பத்தின் தேவை. நகரத்துச் சிறு வியாபாரி பாரம் ஏற்றவே லொறி வாங்குகிறான். குடும்பத்துக்கு வேறு வண்டியோ பஸ்ஸோ இருக்கும். தோட்டத்தில் அப்படியன்று. வீட்டில் ஒரு வண்டி வந்துவிட்டால் அது பாரவண்டி, பயண வண்டி, கலியாண வண்டி, ஆஸ்பத்திரி வண்டி எல்லாம் ஆகிவிடுகிறது. நள்ளிரவில் அடுத்த லயத்துக்காரர் வந்து, "தம்பி, பிள்ளைக்கு வயிற்றுவலி, வண்டியைக் கொஞ்சம் எடுப்பா" என்றால் எடுக்காமல் இருக்க முடியுமா? எடுக்கத்தான் வேண்டும், அவ்வாறு எடுக்கும் மனம் நம் மக்களிடம் இருப்பது பெருமைக்குரியதே. ஆனால் வண்டியின் முன்னறையில் இருவருக்கே இடம். மற்றவர்கள் ஏறுவது பின்தட்டில். காலையில் கோவா ஏறிய தட்டில் மாலையில் கோவிற் திருவிழாவுக்குப் பத்துப் பிள்ளைகள் ஏறுகின்றனர். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, வளைவில் பாரம் ஒருபக்கம் சாயும், மூட்டை வீழ்ந்தால் எடுத்து வைக்கலாம், பிள்ளை வீழ்ந்தால் என் செய்வது? இந்த இடத்தில் நாம் தெளிவாகவே சொல்கிறோம்: இது மனிதரை ஏற்றுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி அன்று. குடும்பப் பயணமே முதன்மைத் தேவை என்பவர், பாரம் குறைந்தாலும் இருக்கை கூடிய பழைய வான் ஒன்றைப் பார்ப்பதே அறிவுடைமை.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? எம் எண்ணத்தில் மூவருக்குப் பொருந்தும். தன் நிலத்திலும் அயலவர் நிலத்திலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு விளைபொருள் கைவசமுள்ள மரக்கறிக்காரருக்குப் பொருந்தும். பதுளை, பண்டாரவளைக் கடைகளிலிருந்து தோட்டத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சாமான் கொண்டு வர நிரந்தர ஏற்பாடு உள்ளவருக்குப் பொருந்தும். தனித்தனியே ஆளுக்கொரு வண்டி என்று ஓடாமல், ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பங்கிட்டு ஓட்டத் துணிபவருக்கு மிகவும் பொருந்தும். நம் தோட்டங்களில் சீட்டுப் பிடிக்கும் வழக்கம் பழமையானது. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பதை ஒரு துண்டுக் கொப்பியில் எழுதி, ஒருவரையொருவர் நம்பி, ஆண்டுக்கணக்கில் நடத்தும் ஒழுங்கு நம் பெண்களிடம் உண்டு. அதே ஒழுங்கைக் கொண்டு கூட்டாக ஒரு வண்டியை நடத்த இயலாதா? ஒரு லய வரிசையில் நான்கு பட்டா நின்றால் நான்கும் ஒரே பாரத்துக்காக ஒன்றையொன்று விலை குறைத்துக்கொள்ளும். ஒன்று நின்றால் அந்த ஒன்றுக்குப் போதிய பாரம் இருக்கும். இலாபம் ஆறு வீட்டுக்குப் போகும். நட்டம் வந்தாலும் ஆறு முதுகு தாங்கும்.

வாங்கத் துணிந்தவருக்கு இன்னுமொரு யோசனை. மூன்று மாதம் பிறர் வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். எத்தனை நாள் ஓடியது, போகும்போது என்ன ஏற்றினோம், வரும்போது என்ன ஏற்றினோம், டீசல் எவ்வளவு என்று நாள்தோறும் எழுதி வையுங்கள். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்பொறுப்பை அவர்களிடம் கொடுக்கலாம். சதவீதமும் சராசரியும் வகுப்பறையில் வராத தெளிவோடு அவர்களுக்கு வரும். மூன்று மாத முடிவில், வாடகையும் கழித்து மிச்சம் நிற்குமாயின் துணிந்து வாங்கலாம். நில்லாதாயின், இழந்தது மூன்று மாத உழைப்பு; காத்துக்கொண்டது முப்பது ஆண்டுச் சேமிப்பு.

ஆகவே இச்சிறு லொறி பொருந்துமா என்ற வினாவுக்கு எம் விடை இதுதான். நம் ஒடுங்கிய பாதைக்குப் பொருந்தும். அளவறிந்து ஏற்றினால் நம் மலைக்கும் பொருந்தும். திரும்பும் பாரம் உள்ளவரின் வருவாய்க்குப் பொருந்தும். மரியாதைக்காக வாங்குபவருக்கும், பத்துப் பேரை ஏற்ற வாங்குபவருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் வாங்கியதால் வாங்குபவருக்கும் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. வாசலில் ஒரு பட்டா நிற்கிறதென்று, காணிக்கு உறுதி கேட்கும் குரல் நம்மிடையே தளர்ந்துவிடக் கூடாது. லொறி பத்துப் பதினைந்து ஆண்டில் பழைய இரும்பாகும். காணியோ பேரப்பிள்ளைக்கும் நிற்கும். அன்று வங்கிக்குப் போகும் பேரன் ஈடு காட்ட நிலம் வைத்திருப்பான். பாட்டியின் சேமலாப நிதியை யாரும் தொடவேண்டிய அவசியம் இராது. அந்நாள் வரும் வரை வண்டிக் கணக்கைத் தாயின் முன்னிலையில் போடுங்கள்.